புதிதாக வாங்கிய கல் பவளங்களைப் பராமரித்தல்

கல் பவளம் என்பது கால்சியம் கார்பனேட்டால் கூடு கட்டி, அதன் மேல் மெல்லிய தோல்போன்ற சதைப் படலமாக வாழும் கடல் விலங்குக் கூட்டம் ஆகும். கூட்டத்தின் ஒவ்வோர் உறுப்பினரும் பாலிப் எனப்படும். சதைக்குள் வாழும் நுண்பாசிகள் ஒளியைக்கொண்டு உணவு தயாரித்து, அதில் பெரும்பங்கைப் பவளத்திற்குத் தருகின்றன. வீட்டுக் கடல்நீர்த் தொட்டியில் வேரூன்றிவிட்ட கல் பவளம் பல ஆண்டுகள் வளரும். இழப்புகள் பெரும்பாலும் வாங்கிய முதல் சில வாரங்களிலேயே நேர்கின்றன. நீரின் அளவுகள் சற்று முன்பின் இருப்பதைவிட, அவை திடீரென மாறுவதே பவளத்தை அதிகம் வாட்டுகிறது. மாற்றத்தைக் குறைப்பதே புதிய பவளத்தின் பராமரிப்பு எனலாம்.

வளர்ப்போர் கல் பவளங்களை இரு வகையாகப் பிரிக்கின்றனர். அக்ரோபோரா, மாண்டிபோரா, ஸ்டைலோபோரா போன்றவை சிறு பாலிப் வகை. யூஃபில்லியா, லோபோஃபில்லியா, ட்ராக்கிஃபில்லியா போன்றவை பெரு பாலிப் வகை. இது உயிரியல் வகைப்பாடு அன்று. பராமரிப்பு வசதிக்கான பிரிவு மட்டுமே. முதல் வகை ஒளியும் நீரோட்டமும் மிகுதியாகக் கேட்கும், மாற்றத்தைப் பொறுக்காது. தொடக்கநிலை வளர்ப்போருக்கு இரண்டாம் வகையே ஏற்றது.

வாங்கும் முன்

கல் பவளங்கள் அனைத்தும் சைட்டிஸ் உடன்படிக்கையின் இரண்டாம் பின்னிணைப்பில் உள்ளதால், நாடு விட்டு நாடு கொண்டுசெல்ல அனுமதிப் பத்திரம் தேவை. இந்தியாவில் இவை 2001 முதல் வனவுயிர் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இடம்பெற்றுள்ளன. மன்னார் வளைகுடாவிலோ பிற இந்தியக் கடல்களிலோ பவளத்தை எடுப்பதும் விற்பதும் தண்டனைக்குரிய குற்றம். வளர்ப்பு அனுமதிக்கப்பட்ட நாடுகளிலும், கடலிலிருந்து உடைத்தெடுத்த பவளத்தைவிடத் தொட்டியில் வளர்த்து வெட்டிய துண்டே சிறந்தது. அது தொட்டி வாழ்க்கைக்கு ஏற்கெனவே பழகியது.

துண்டின் சதை, ஒட்டியிருக்கும் வில்லையின் மேல் படர்ந்திருந்தால் அது வெட்டிச் சில வாரங்கள் ஆகி, காயம் ஆறியது என்று பொருள். அடிப்பகுதியில் வெண்மையான வெற்றுக் கூடு தெரிந்தால் தவிர்ப்பது நல்லது. நிறத்தை வைத்து மட்டும் முடிவு செய்யலாகாது. நீல விளக்கின்கீழ் எடுத்த விற்பனைப் படங்களில் எல்லாப் பவளமும் ஒளிரத்தான் செய்யும்.

தொட்டி ஆறு மாதமேனும் ஓடி நிலைபெற்றிருப்பது நல்லது. பொதுவாக ஏற்கப்படும் அளவுகள்: வெப்பநிலை 25 முதல் 26 டிகிரி செல்சியஸ், உவர்ப்பு ஆயிரத்தில் 35 பங்கு, காரத்தன்மை 7 முதல் 9 டிகேஎச், கால்சியம் சுமார் 420 பிபிஎம், மக்னீசியம் சுமார் 1300 பிபிஎம். நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் குறைவாக இருக்க வேண்டும், ஆனால் சுழியமாக இருக்கக் கூடாது. அவை முற்றிலும் இல்லாத நீரில் பவளம் பட்டினியால் வெளிறும். வெப்ப நாடுகளில் நீரைக் குளிர்விப்பதே பெரும் சிக்கல். மின்விசிறி வைத்துக் குளிர்வித்தால் நீர் விரைவாக ஆவியாகி உவர்ப்பு ஏறும். அந்த இழப்பை உப்புநீரால் அன்றி, ஆர்.ஓ. முறையில் சுத்திகரித்த நன்னீரால் நாள்தோறும் ஈடுசெய்ய வேண்டும்.

முதல் மணி நேரம்

பை மூடியபடியே 15 முதல் 20 நிமிடம் தொட்டியில் மிதந்தால் வெப்பநிலை சமமாகிவிடும். பின்னர் பையைத் திறந்து உவர்ப்பை அளந்து பார்க்க வேண்டும். வேறுபாடு மிகுதியாக இருந்தால் மட்டும், தொட்டி நீரைச் சிறிது சிறிதாகச் சேர்த்து அரை மணி நேரத்தில் சமன் செய்யலாம். மணிக்கணக்கில் சொட்டுச் சொட்டாக நீர் சேர்ப்பதால் நன்மை குறைவு. அதற்குள் பை நீர் சூடேறவோ குளிரவோ செய்யும். பை நீரைத் தொட்டியில் ஊற்றக் கூடாது.

யூஃபில்லியா போன்றவை உப்பியிருக்கும்போது நீருக்கு வெளியே தூக்கினால், சதையின் எடையே கூட்டின் கூரிய விளிம்பில் பட்டுக் கிழிக்கும். மெதுவாக அசைத்து, சுருங்கிய பிறகு அடிக்கூட்டைப் பிடித்துத் தூக்க வேண்டும். கையுறை அணிவது நல்லது. துண்டுடன் வரும் கல்லில் சோயாந்திட் எனப்படும் சிற்றுயிர்கள் ஒட்டியிருக்கலாம். அவற்றில் சில, பேலிடாக்சின் என்னும் கொடிய நஞ்சைக் கொண்டவை.

ஒட்டுண்ணிகள்

அவசரப்படுவோர் விட்டுவிடும் வேலை இது. தொட்டி முழுவதையும் அழிக்கக்கூடியதும் இதுவே. அக்ரோபோராவைத் தின்னும் தட்டைப்புழு, பவளத்தின் நிறத்திலேயே இருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. கடித்த இடத்தில் வட்டமான வெளிறிய புள்ளிகள்தான் தெரியும். மாண்டிபோராவைத் தின்னும் சிறிய வெண்ணிற நத்தையினம் அடிப்புறத்தில் ஒளிந்திருக்கும். அக்ரோபோராவின் மேல் வாழும் செந்நிறப் பூச்சி அரை மில்லிமீட்டர்தான்.

தொட்டி நீர் நிறைந்த கிண்ணத்தில் பவளங்களுக்கென விற்கப்படும் குளியல் மருந்தைக் குறிப்பிட்ட அளவில் கலந்து, பவளத்தை அதில் வைத்து, ஊசி இல்லாத சிரிஞ்சால் நீரைப் பீய்ச்ச வேண்டும். உதிர்ந்த புழுக்கள் அடியில் கிடக்கும். பிறகு வேறொரு கிண்ணத்தில் அலசி எடுக்க வேண்டும்.

இம்மருந்துகள் முட்டைகளைக் கொல்வதில்லை. தட்டைப்புழுவின் பழுப்பு முட்டைக் கொத்துகள் வெற்றுக் கூட்டிலும் வில்லையிலும் ஒட்டியிருக்கும். எனவே பழைய வில்லையை வெட்டியெறிந்து புதியதில் ஒட்டுவதும், முட்டைகளைச் சுரண்டி எடுப்பதும் மருந்தைவிட முக்கியமானவை. எஞ்சியவை பொரித்து வரும்போது பிடிபட, தனித்தொட்டியில் ஐந்தாறு வாரம் வைத்து வாரம் ஒருமுறை மருந்துக் குளியல் தருவது வழக்கம். மீன்களுக்குச் செம்பு மருந்து பயன்படுத்திய தொட்டியை இதற்குப் பயன்படுத்தக் கூடாது. செம்பு பவளத்தைக் கொல்லும்.

ஒளியும் இடமும்

நுண்பாசிகள் புதிய ஒளிக்கேற்பத் தம்மை மாற்றிக்கொள்ளச் சில வாரங்கள் ஆகும். ஆகவே எந்தப் பவளத்தையும் முதலில் தொட்டியின் அடிப்பகுதியில் வைத்து, இரண்டு மூன்று வாரங்களில் படிப்படியாக மேலேற்றலாம். அல்லது விளக்கின் அளவைக் குறைத்துவைத்து வாரந்தோறும் சிறிது கூட்டலாம். ஒளி குறைந்தால் பவளம் பழுப்பாகும். இது அழகைக் கெடுக்குமே தவிர உயிரைக் கெடுக்காது. ஒளி மிகுந்தால் பாசிகளை இழந்து வெளிறும், இது ஆபத்து. பழுப்பைக் கண்டு பதறி ஒளியைக் கூட்டியதால் வெளிறிப்போன பவளங்கள் பல.

அக்ரோபோராவுக்குத் திசை மாறி மாறி வரும் வலுவான நீரோட்டம் வேண்டும். பெரு பாலிப் வகைக்கு, சதை மெல்ல அசையும் அளவே போதும். கேலக்சியா, யூஃபில்லியா ஆகியவை இரவில் நீண்ட கொட்டும் உணர்கொம்புகளை நீட்டி அண்டைப் பவளத்தைத் தாக்கும். சுற்றிலும் 15 சென்டிமீட்டராவது இடைவெளி விட வேண்டும். இடத்தைத் தேர்ந்தபின் மாற்றிக்கொண்டே இருப்பது கூடாது.

காரத்தன்மை

கூடு கட்டத் தேவையான கார்பனேட்டின் இருப்பைக் காட்டுவது காரத்தன்மை. 11 டிகேஎச் உள்ள கடைத் தொட்டியிலிருந்து 7.5 உள்ள வீட்டுத் தொட்டிக்கு வரும் அக்ரோபோரா, இரண்டும் தனித்தனியே நல்ல நீராக இருந்தும் அடிபடலாம். கடையின் அளவைக் கேட்டறிவதும், முடிந்தவரை ஒத்த தொட்டியிலிருந்து வாங்குவதும் நல்லது. வீட்டுத் தொட்டியின் அளவைத் திருத்த வேண்டுமெனில் நாளொன்றுக்கு அரை முதல் ஒரு டிகேஎச் வரை மட்டுமே மாற்றலாம்.

பலர் கவனிக்காத ஒன்று உண்டு. புதிய பவளம் முதலில் வளராது. கார்பனேட்டும் அதிகம் செலவாகாது. ஒன்றிரண்டு மாதத்தில் அது வளரத் தொடங்கியதும், பழைய அளவிலேயே சேர்க்கப்படும் கரைசல் போதாமல் காரத்தன்மை ஓசையின்றி இறங்கும். பவளம் பிழைத்துவிட்டது என்று அளப்பதை நிறுத்தும் காலமும் பெரும்பாலும் அதுவே. ஒவ்வொரு 20 பிபிஎம் கால்சியத்துடன் சுமார் 2.8 டிகேஎச் சேர்ந்து செலவாகும். எனவே இரண்டையும் இணைத்தே ஈடுசெய்ய வேண்டும்.

நலிவின் அறிகுறிகள்

முதல் சில நாட்கள் பாலிப்புகள் மூடியிருப்பதும் கோழை சுரப்பதும் இயல்பு. அப்போது உணவு தரத் தேவையில்லை. கிளை நுனி மட்டும் வெண்மையாக இருந்தால் அது புதிய வளர்ச்சியாக இருக்கலாம். அடியிலிருந்து மேல்நோக்கிச் சதை உரிந்து சில மணி நேரத்தில் பரவினால் அது விரைவுத் திசு அழிவு. அப்பவளத்தை மீட்பது அரிது. சதை நலமாக உள்ள கிளைகளை உரிவுக்கு மேலே சற்றுத் தள்ளி வெட்டி வேறிடத்தில் ஒட்டினால் சில பிழைக்கும். யூஃபில்லியாவில் பழுப்புக் கூழ் தோன்றினால், நீர்ச் சுழற்சியை நிறுத்தி, கூழைக் குழாயால் உறிஞ்சி வெளியேற்றி, நோயுற்ற தலையை அன்றே வெட்டி அகற்ற வேண்டும். தள்ளிப்போட்டால் அடுத்த தலைக்கும் பரவும்.