இரண்டு நிமிடம் உட்கார முடிகிறதா?



உட்காருவதும் ஒரு பரீட்சையா என்று சிரிக்காதீர்கள். ஜொகூர் தோட்டங்களில் எத்தனையோ வீடுகளில் வயதானவர்களும், பக்கவாதம் வந்து தேறியவர்களும் பொழுதெல்லாம் நாற்காலியில்தான் இருக்கிறார்கள். அதிலிருந்து ஒரு தடவை சரிந்து விழுந்தால் போதும், இடுப்பெலும்பு முறிந்துவிடலாம். பிறகு படுத்த படுக்கைதான்.

உடம்பின் பாரம் முழுதும் ஓர் இடத்தில் கூடியிருப்பதாக வைத்துக்கொள்ளுங்கள். அதுதான் புவியீர்ப்பு மையம். உட்காரும்போது பிட்டம், தொடை, பாதம் மூன்றும் அதற்கு அஸ்திவாரம். மையம் அஸ்திவாரத்தைத் தாண்டினால் ஆள் சாய்வார். காலைத் தொங்கவிட்டால் அஸ்திவாரம் குறுகிப்போகும்.

சந்தேகமா? நாற்காலியில் நிமிர்ந்து உட்காருங்கள். பாதத்தைப் பின்னால் இழுக்காமல், முன்னால் குனியாமல், கையும் ஊன்றாமல் எழுந்திருங்கள் பார்ப்போம். முடியாது! மையம் பாதத்துக்கு மேலே வந்தால்தான் எழ முடியும்.

இந்தச் சமநிலையை அளக்க 1989இல் கனடாவில் கேத்தரின் பெர்க் அம்மையாரும் கூட்டாளிகளும் 14 சோதனைகளை வெளியிட்டார்கள். அதில் ஒன்றை வீட்டிலேயே செய்யலாம். பெரியவரைக் கெட்டியான நாற்காலியில் உட்காரவையுங்கள். முதுகு சாயக்கூடாது, பாதம் தரையில் பதியவேண்டும், கைகளைக் கட்டிக்கொள்ளவேண்டும். ஒருவர் பக்கத்திலேயே நிற்கவேண்டும். கடிகாரத்தைப் பாருங்கள். 2 நிமிடம் பத்திரமாக இருந்தால் முழு மார்க்கு 4. 30 விநாடிதான் என்றால் 2. 10 விநாடிதான் என்றால் 1. அதுவும் முடியாவிட்டால் சைபர்.

மார்க்கு குறைந்தால் "வயசானா அப்படித்தான்" என்று விட்டுவிடாதீர்கள். டாக்டரிடம் காட்டி, உடற்பயிற்சிச் சிகிச்சைக்கு எழுதித் தரச் சொல்லுங்கள். உட்கார்ந்தபடியே கையை முன்னாலும் பக்கத்திலும் எட்டி நீட்டும் பயிற்சியை அங்கே சொல்லித் தருவார்கள். வீட்டில் கைப்பிடி வைத்த நாற்காலி கொடுங்கள். கால் எட்டாவிட்டால் அடியில் பலகை போடுங்கள். ஆடுகிற ஸ்டூல் வேண்டாம்.

கடைசியாக ஒன்று. நேற்றுவரை நன்றாக உட்கார்ந்தவர் இன்று திடீரென்று ஒரு பக்கமாகச் சாய்ந்தால், வாய் கோணினால், பேச்சுக் குழறினால், அது பக்கவாதமாக இருக்கலாம். "எண்ணெய் போட்டு உருவிப் பார்ப்போம்" என்று காத்திருக்காதீர்கள். உடனே 999க்குக் கூப்பிடுங்கள். இரத்தக் கட்டியைக் கரைக்கும் மருந்தை நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். தோட்டத்திலிருந்து பெரிய ஆஸ்பத்திரி தூரம். ஆகவே ஒரு நிமிடமும் வீணாகக்கூடாது.