பார்வையற்ற மாணவரும் கணிதப் பாடமும்

கணிதம் கண்ணால் கற்கும் பாடம் என்னும் எண்ணம் நம் பள்ளிகளில் ஆழ வேரூன்றியுள்ளது. கரும்பலகையில் எழுதிக் காட்டாமல் கணக்குப் போதிக்க இயலுமா என வினவும் ஆசிரியர் பலர். இதன் விளைவாகப் பார்வையற்ற மாணவர்கள் உயர்நிலை வகுப்புகளை எட்டும்போது கணிதத்தினின்றும் விலக்கப்படுகின்றனர். கர்நாடகத்தில் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வில் அவர்கள் கணிதத்துக்குப் பதிலாகச் சமூகவியல் எழுத விதிகள் இடமளிக்கின்றன. மத்திய இடைநிலைக் கல்வி வாரியமும் மாற்றுப் பாடங்களை அனுமதிக்கிறது. இச்சலுகை நல்லெண்ணத்தில் பிறந்ததே. ஆயின், விரும்புவோர் பெறவேண்டிய சலுகையைக் கற்பிக்கும் வழி அறியாத பள்ளி தன் வசதிக்காகப் பிள்ளைகள்மீது சுமத்துமாயின், பொறியியல் முதலிய பல துறைகள் அவர்களுக்குப் பதினான்கு வயதிலேயே எட்டாதனவாகிவிடுகின்றன.

பார்வையின்மை கணித அறிவுக்குத் தடையன்று என்பதற்கு வரலாற்றில் சான்றுகள் உண்டு. குழந்தைப் பருவத்தில் பெரியம்மையால் கண்ணிழந்த நிக்கலஸ் சாண்டர்சன், நியூட்டன் முன்னர் வகித்த கேம்பிரிட்ஜ்ப் பேராசிரியர் பதவியை 1711-இல் ஏற்றார். ருஷ்யக் கணித அறிஞர் பொன்ட்ரியாகின் 14-ஆம் வயதில் ஒரு விபத்தில் பார்வை இழந்தவர். அவருடைய தாயார் கணித நூல்களை அவருக்கு உரக்கப் படித்துக் காட்டினார். அடையாளங்களின் பெயர் அறியாத அவ்வம்மையார், வால் மேலே, வால் கீழே என்று அவற்றின் உருவத்தையே கூறிப் படித்தார் என்பர்.

பெங்களூருவில் 2017-இல் தோன்றிய 'விஷன் எம்பவர்' என்னும் அமைப்பு இத்துறையில் கவனிக்கத்தக்க பணி ஆற்றி வருகிறது. மின்னணு நகரத்தில் உள்ள சர்வதேசத் தகவல் தொழில்நுட்பக் கழகத்தில் உருவான இவ்வமைப்பை நிறுவியோருள் ஒருவர் தாமே பார்வையற்றவர். பார்வையற்றோர் பள்ளிகளுக்குரிய கணித, விஞ்ஞானப் பாடங்களைத் தொட்டும் கேட்டும் அறியும் வண்ணம் அமைப்பதும், அவற்றை நடத்த ஆசிரியர்களைப் பயிற்றுவதும் இதன் முக்கிய வேலைகள். பிள்ளையைவிட ஆசிரியருக்கே முதலில் பயிற்சி தேவை என்பதை இவ்வமைப்பு உணர்ந்திருப்பது பாராட்டத்தக்கது.

உண்மையான இடர்ப்பாடு எங்கே உள்ளது? பார்வையுள்ளவன் ஒரு பின்னத்தை ஒரே நோக்கில் காண்கிறான். மேலே தொகுதி, கீழே பகுதி, நடுவே கோடு. பிரெயிலில் ஓர் எழுத்துக்கு ஆறு புள்ளிகளே இடம். எல்லாம் ஒரே வரிசையில் வரவேண்டும். ஆதலால் பின்னம் இங்கே தொடங்குகிறது, இங்கே முடிகிறது என்று காட்டத் தனிக் குறிகள் வேண்டியுள்ளன. அமெரிக்காவைச் சேர்ந்த பார்வையற்ற கணித ஆசிரியர் ஆபிரகாம் நெமெத் இத்தகைய குறிமுறையை வகுத்துத் தந்தார்.

வாய்மொழியிலும் இதே சிக்கல் எழுகிறது. "ஐந்து கூட்டல் மூன்று பெருக்கல் இரண்டு" என்று ஆசிரியர் சொல்கிறார். விடை 11-ஆ, 16-ஆ? பலகையில் அடைப்புக்குறி இருப்பதைக் கண்ட பிள்ளைகள் 16 என்பர். காணாத பிள்ளை முறைப்படி 11 என்று கூறித் தவறு செய்தவன் ஆகிறான். "அடைப்பு தொடக்கம், ஐந்து கூட்டல் மூன்று, அடைப்பு முடிவு, பெருக்கல் இரண்டு" என்று சொன்னால் போதும். இதற்குக் காசு செலவில்லை. "இதையும் அதையும் கூட்டு" என்று பலகையைச் சுட்டும் பழக்கத்தை விடுவதே கடினம்.

எண்களை வைத்துக் கணக்கிடப் பயன்படும் சாதனங்களுள் டெய்லர் சட்டம் பழமையானது. இதில் எட்டு மூலைகள் கொண்ட நட்சத்திர வடிவக் குழிகள் வரிசை வரிசையாக உள்ளன. அவற்றில் பொருந்தும் சதுர அச்சின் ஒரு முனையில், ஓரத்தில், மேடான ஒரு கோடு இருக்கும். அச்சைத் திருப்பித் திருப்பி எட்டு நிலைகளில் வைக்கலாம். ஒவ்வொரு நிலையும் ஒரு குறி. மறுமுனையில் கோட்டுக்குப் பதில் இரு புள்ளிகள் உள்ளமையால் மேலும் எட்டுக் குறிகள் கிடைக்கின்றன. இவ்வாறு ஒரே அச்சினால் பத்து இலக்கங்களையும் கூட்டல், கழித்தல் முதலிய அடையாளங்களையும் குறிக்க முடிகிறது. கடன் வாங்கிக் கழிப்பது, நீள் வகுத்தல் ஆகியவற்றை, தாளில் எழுதுவது போலவே ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்துச் செய்யலாம். அச்சுகளை எடுத்துவிட்டால் செய்த கணக்கு மறைந்துவிடும் என்பது இதன் குறை. பிள்ளை வீட்டுக்கு எடுத்துச் சென்று காட்ட ஒன்றும் எஞ்சாது.

வடிவ கணிதத்துக்கு விலையுயர்ந்த கருவி தேவையில்லை. அட்டையில் நூலை ஒட்டி வட்டம் அமைக்கலாம். ஆணிகள் அறைந்த பலகையில் ரப்பர் வளையத்தை மாட்டி முக்கோணத்தை நீட்டியும் குறுக்கியும் காட்டலாம். ஒரு படத்தில் பல கோடுகளை நெருக்கி வைத்தல் ஆகாது. விரல் ஒரு வேளையில் ஒரு சிறு பகுதியையே அறிகிறது.

சாதாரணப் பள்ளியில் ஒரு பார்வையற்ற பிள்ளை சேர்ந்திருப்பின், அவனைத் தனியே அமர்த்தி வேறு வேலை கொடுப்பது வழக்கமாகிவிட்டது. பல்லாங்குழிப் பலகையை எடுத்து வைத்து, வலக்கோடிக் குழியை ஒன்றுகளுக்கும் அடுத்ததைப் பத்துகளுக்கும் அதற்கடுத்ததை நூறுகளுக்கும் ஒதுக்கினால், இடமதிப்பை வகுப்பு முழுவதும் ஒருங்கே புளியங்கொட்டைகளால் பயிலலாம். ஒன்றுகள் பத்துச் சேர்ந்ததும் அவற்றை அள்ளிவிட்டு அடுத்த குழியில் ஒரு கொட்டையை இடுவதே விதி. பூஜ்யம் என்பது வெறுங்குழி என்பதைப் பார்வையுள்ள பிள்ளைகளும் அப்போது விரலால் அறிவர்.

தேர்வில் பிறர் உதவியுடன் எழுதும் மாணவனுக்கு மற்றொரு பயிற்சி அவசியம். உடன் எழுதுபவர் கணிதம் அறியாதவராக இருக்கலாம். ஆகவே ஒவ்வோர் அடியையும், எந்த எண் எதன்கீழ் வரவேண்டும் என்பது உட்பட, ஐயத்துக்கு இடமின்றிச் சொல்லி எழுதுவிக்க மாணவன் ஆண்டு முழுவதும் பழகவேண்டும். தேர்வுக்கு முந்திய வாரத்தில் தொடங்கினால் பயனில்லை.

மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016, வரையறுக்கப்பட்ட அளவு குறைபாடுள்ள பிள்ளைகளுக்கு 6 முதல் 18 வயது வரை இலவசக் கல்வியை உறுதி செய்கிறது. பிரெயில் சாதனங்கள் டேராடூனில் உள்ள பார்வையற்றோருக்கான தேசிய நிறுவனத்தில் தயாராகின்றன. அதன் வட்டார மையம் சென்னையை அடுத்த பூந்தமல்லியில் உள்ளது. களப்பணியாளர்கள் பள்ளிகளைப் பார்வையிடும்போது, எட்டாம் வகுப்புக்கு முன்னரே, எந்தப் பிள்ளைக்குக் கணிதம் கற்பிக்கப்படவில்லை என்பதையும் அதன் காரணத்தையும் குறித்துக்கொள்வது நலம். மாற்றுப் பாடத்துக்குரிய படிவத்தில் கையொப்பமிடுமுன், அப்பிள்ளையின் கையில் ஒருமுறையேனும் டெய்லர் சட்டம் தரப்பட்டதா என்று கேட்டறிதல் வேண்டும்.