சேனைக்கு முந்தும் சொட்டு மருந்து

பிறந்த குழந்தையின் நாக்கில் சேனை தொட்டு வைப்பது நம் பக்கத்து வழக்கம். தேனோ சர்க்கரைத் தண்ணீரோ, வீட்டுப் பெரியவர் ஒருவர் விரலால் தொட்டு வைப்பார். தாய்க்கு எச்.ஐ.வி. தொற்று இருந்தால், நர்ஸ் முந்திக்கொள்ள வேண்டும். அவர் கையில் இருப்பது, குழந்தைக்குத் தொற்று வராமல் தடுக்கும் நெவிரபின் சிரப்.

சிகிச்சையே இல்லாவிட்டால், தொற்றுள்ள தாய்மாருக்குப் பிறக்கும் 100 குழந்தைகளில் 15 முதல் 45 வரை வைரஸுக்கு ஆளாகும். கருவில், பிரசவத்தில், தாய்ப்பாலில் என்று அதற்கு மூன்று வழி. ஜிடோவுடின் என்ற ஒரே மருந்து தொற்றை மூன்றில் இரண்டு பங்கு குறைக்கும் என்று 1994-ல் தெரியவந்தது. இன்று தாய்க்கு மூன்று மருந்து சேர்ந்த மாத்திரை, தினம் ஒன்று. அரசு ஏ.ஆர்.டி. (எச்.ஐ.வி. கூட்டு மருந்துச் சிகிச்சை) மையங்களில் இலவசம். பிரசவத்தோடு நிறுத்தக் கூடாது, ஆயுளுக்கும் சாப்பிட வேண்டும். ஒழுங்காகச் சாப்பிட்டால் 100-க்கு 5-க்கும் கீழே வந்துவிடும்.

மாத்திரை விழுங்குவதில் சிரமம் இல்லை. மாமியார் கண்ணில் படாமல் விழுங்குவதுதான் பெரும்பாடு.

இந்தத் தடுப்புக்குச் சேனையும் குறுக்கே வருகிறது. தாய்ப்பால் மட்டும் குடித்த குழந்தைகளைவிட, அதோடு மற்றதும் குடித்த குழந்தைகளுக்கே தொற்று அதிகம் என்று தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகர ஆய்வு 1999-ல் காட்டியது. வேறு ஆகாரம் பிஞ்சுக் குடலைப் புண்ணாக்கி வைரஸுக்கு வழிவிடுகிறது என்பது மருத்துவர்களின் கணிப்பு. அதனால் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டும்; தண்ணீர்கூட வேண்டாம். “ஒரு சங்கு தண்ணி குடுத்தா என்ன ஆயிடும்?” என்று கேட்கும் பாட்டியிடம் காரணத்தைச் சொல்லவும் முடியாமல் தவிப்பவள் அந்தத் தாய். எந்தக் குழந்தைக்கும் தாய்ப்பால் மட்டும் போதும் என்று டாக்டரே பொதுவாகச் சொல்லிவிட்டால் அவள் பிழைத்தாள்.

ஆறாவது வாரத்தில் குழந்தையின் குதிகாலில் குத்தி, சில சொட்டு ரத்தத்தை அட்டையில் உலர்த்தி அனுப்புகிறார்கள். தாயின் எதிர்ப்புப் பொருள்கள் 18 மாதம் வரை குழந்தை உடலில் தங்கலாம் என்பதால், வைரஸையே தேடும் தனிச் சோதனை இது.

தாயிடமிருந்து குழந்தைக்கு எச்.ஐ.வி. பரவுவதை ஒழித்த நாடு என்ற சான்றிதழை உலக சுகாதார நிறுவனத்திடம் கியூபா 2015-லேயே வாங்கிவிட்டது, இலங்கை 2019-ல். எனவே நடக்காத காரியமல்ல. கர்ப்பம் உறுதியானதும், முதல் செக்கப்பிலேயே எச்.ஐ.வி. சோதனை செய்துகொள்ளுங்கள். கணவரும் செய்துகொள்ளட்டும்: கர்ப்ப காலத்தில் புதிதாகத் தொற்று வந்தால் குழந்தைக்கு ஆபத்து இன்னும் அதிகம். அரசு மருத்துவமனை நம்பிக்கை மையத்தில் சோதனை இலவசம். விவரத்துக்கு 1097-ஐ அழைக்கலாம்.