கப்போர்டுக்கு அடியில் வந்த வெளிச்சம்

அறுபதுகளில் கட்டிய வீடுகளில் சமையலறைக்கு ஒரே விளக்குதான். சுவரின் உச்சியில், மர ரவுண்ட் பிளாக்கில் தொங்கும் 40 வாட்ஸ் குண்டு பல்பு. அதற்குப் போகும் வயரும் மரச்சட்டத்தின் மேல் கிளிப் அடித்து வெளியிலேயே ஓடும். எண்ணெய்ப் பிசுக்கும் கரியும் ஏறிக் கறுத்திருந்தாலும், எங்கே உறை வெடித்திருக்கிறது என்பது அண்ணாந்து பார்த்தாலே தெரிந்துவிடும். தரையில் அரிவாள்மனை போட்டு நறுக்கிய காலத்துக்கு அந்த வெளிச்சம் ஏதோ போதுமானதாக இருந்தது.

மேடை வந்ததும் நிலைமை மாறியது. சுவரைப் பார்த்து நின்று சமைக்கிறோம். விளக்கோ முதுகுக்குப் பின்னால். கத்தி படும் இடத்தில் நம் நிழலே விழுகிறது. மேடைக்கு மேல் கப்போர்டும் வந்தபோது இருந்த கொஞ்ச வெளிச்சமும் போனது. கீரையில் புழு இருக்கிறதா என்று ஜன்னல் பக்கம் எடுத்துப்போய்ப் பார்த்த பெண்கள் எத்தனை பேர்! கப்போர்டின் அடியில் எல்.ஈ.டி. ஸ்ட்ரிப் போடுவதை ஆடம்பரம் என்பவர்களோடு எனக்கு உடன்பாடில்லை. வெகுநாள் முன்பே வந்திருக்க வேண்டியது அது.

ஆனால் அதை யார் பொருத்துகிறார்கள் என்று பாருங்கள். வீட்டு வயரிங்கை உரிமம் பெற்றவர்தான் செய்ய வேண்டும் என்று 1956-ஆம் ஆண்டு இந்திய மின்சார விதிகளே சொல்லின. இன்றோ வயர்மேன் வேலையை முடித்துப் போன பிறகு, மாடுலர் கிச்சன் மாட்ட வரும் தச்சரே ஸ்ட்ரிப்பையும் ஒட்டிவிடுகிறார். கேட்டால், "பன்னிரண்டு வோல்ட்தானே சார், ஒண்ணும் பண்ணாது" என்பார்.

230 வோல்ட்டை 12 வோல்ட்டாக்கி ஸ்ட்ரிப்புக்குத் தரும் டிரைவர் நல்லதாக இருந்தால் ஷாக் அடிக்காது என்பது உண்மை. சூடு விஷயம் வேறு. 60 வாட்ஸ் விளக்கு 230 வோல்ட்டில் கால் ஆம்பியர் அளவே இழுக்கும். 12 வோல்ட்டில் அதே 60 வாட்ஸுக்கு 5 ஆம்பியர் வேண்டும். இருபது மடங்கு கரன்ட்! இதற்கு அரை ஸ்கொயர் எம்.எம். வயரை 5 மீட்டர் இழுத்தால், போக வர வழியிலேயே ஏறக்குறைய 2 வோல்ட் போய்விடும். கடைசி முனையில் விளக்கு மங்கும். ஒன்றரை ஸ்கொயர் எம்.எம். போட்டால் இழப்பு மூன்றில் ஒரு பங்காகும். 24 வோல்ட் ஸ்ட்ரிப் வாங்கினால் கரன்ட்டே பாதியாகும். முறுக்கி டேப் சுற்றிய தளர்ந்த ஜாயின்ட்டில் 5 ஆம்பியர் ஓடினால் அந்த இடம் கொதிக்கும். சுற்றியிருப்பது பிளைவுட். பழைய வீட்டில் கண்ணெதிரே இருந்த வயர் இப்போது பலகைக்குப் பின்னால் கிடக்கிறது. கருகும் வாசனை வந்த பிறகே நமக்குத் தெரியவரும்.

டிரைவருக்கு ஸ்ட்ரிப் இருக்கும் பக்கம் மட்டும்தான் 12 வோல்ட். அந்தப் பக்கம் பழைய 230 வோல்ட்டேதான். அதற்கு எர்த்தோடு கூடிய தனி மூன்று பின் பாயின்ட் வேண்டும். அந்த சர்க்யூட், கரன்ட் மிகுந்தால் துண்டிக்கும் எம்.சி.பி., கசிந்தால் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்.சி.சி.பி. இரண்டின் வழியாகவும் வர வேண்டும். இரண்டு வகை வயரையும் ஒரே பைப்பில் திணிக்கக் கூடாது. வயரிங்குக்கான இந்திய தர நிர்ணயம் ஐ.எஸ். 732, கடைசியாக 2019-இல் திருத்தப்பட்டது. வேலை எடுப்பவரிடம் அந்தப் பெயரைச் சொல்லியே கேட்கலாம்.

ஸ்ட்ரிப்பை வெறும் பசையில் ஒட்டினால் தாளிப்பு ஆவியில் உரிந்து தொங்கும். அலுமினிய சேனலில் வைத்தால் ஒட்டியும் நிற்கும், சூடும் இறங்கும். டிரைவரை அடுப்புக்கு மேலேயோ சிம்னிக்குப் பக்கத்திலேயோ பூட்ட வேண்டாம். கதவைத் திறந்தால் கைக்கு எட்டுகிற, காற்றுப் புழங்குகிற மூலை வேண்டும். அதன் பாயின்ட்டைச் சுவர் பூசுவதற்கு முன்பே வயர்மேனிடம் சொல்லிப் போட்டு வாங்கிவிடுங்கள். இல்லாவிட்டால், தச்சர் வந்து பக்கத்து மிக்ஸி சாக்கெட்டிலிருந்துதான் லைன் எடுப்பார்.