கல்விக் கடன் வட்டியும் வருமான வரி ரீபண்டும்

திண்டிவனத்தில் இருந்து நண்பர் ஒருவர் புது லேப்டாப்புடன் விழுப்புரத்தில் உள்ள என் வீட்டுக்கு வந்திருந்தார். சென்னையில் வேலை, படித்த காலத்துக் கடனை இன்னும் கட்டி வருகிறார். "கல்விக் கடன் வட்டிக்கு எவ்வளவு ரீபண்ட் வரும்?" என்று கேட்டார். உங்களில் பலருக்கும் இந்தச் சந்தேகம் இருக்கும்.

எதற்குச் சலுகை?

2025-26 நிதியாண்டுக்கு, 1961 வருமான வரிச் சட்டத்தின் 80-இ பிரிவுப்படி, உயர்கல்விக் கடனுக்குக் கட்டிய வட்டியை வருமானத்தில் கழிக்கலாம். அசலுக்குச் சலுகை இல்லை. வட்டிக்கு உச்ச வரம்பு கிடையாது. வட்டி கட்டத் தொடங்கிய ஆண்டிலிருந்து 8 ஆண்டுகள் வரை பெறலாம். வங்கியிடம் வட்டிச் சான்றிதழ் வாங்கிக் கொள்ளுங்கள். ஆனால் பழைய வரி முறையில் மட்டுமே இச்சலுகை உண்டு.

கணக்கைப் பார்ப்போம்

நண்பரின் சம்பளம் ரூ. 9 லட்சம், வட்டி ரூ. 60,000. பழைய முறைப்படி அலுவலகம் பிடித்த வரி ரூ. 85,800. (பி.எஃப். போன்றவற்றை இங்கு சேர்க்கவில்லை.)

பழைய முறை: நிலைக் கழிவு ரூ. 50,000, வட்டி ரூ. 60,000 போக மீதி ரூ. 7,90,000. வரி ரூ. 73,320. ரீபண்ட் ரூ. 12,480.

புதிய முறை: நிலைக் கழிவு ரூ. 75,000 போக மீதி ரூ. 8,25,000. வரிக்குரிய வருமானம் ரூ. 12 லட்சம் வரை என்பதால் தள்ளுபடி போக வரி இல்லை. பிடித்த ரூ. 85,800 முழுவதும் ரீபண்ட்!

எங்கே கவனிக்க வேண்டும்?

வருமான வரித் துறையின் இ-ஃபைலிங் தளத்தில் ரிட்டர்ன் படிவத்தைத் திறந்ததும், புதிய வரி முறையிலிருந்து விலகுகிறீர்களா என்ற கேள்வி வரும். வட்டிச் சலுகையை நினைத்து நண்பர் 'ஆம்' என்பதைக் கிளிக் செய்ய இருந்தார். 'இல்லை' என்று மாற்றினோம். அலுவலகத்தில் முன்பு எதைச் சொல்லியிருந்தாலும், சம்பளதாரர்கள் இங்கே மாற்றிக் கொள்ளலாம்.

வீட்டுக் கடன், வீட்டு வாடகை என்று பல கழிவுகள் உள்ளவர்களுக்குப் பழைய முறை லாபமாகலாம். அதே தளத்தில் உள்ள வரி கால்குலேட்டரில் இரண்டையும் போட்டுப் பாருங்கள். பழைய முறை வேண்டுமானால் கடைசித் தேதிக்குள் தாக்கல் செய்ய வேண்டும்.

தாக்கல் செய்தபின் 30 நாட்களுக்குள் ஆதார் ஓ.டி.பி. மூலம் சரிபார்க்க மறக்காதீர்கள். ரீபண்ட் வந்திருப்பதாக மொபைலுக்கு வரும் லிங்க்குகளை மட்டும் கிளிக் செய்யவே வேண்டாம்!