மத்தியானம் வரை கெடாத சோறு

அன்னவாசலில் காலை எட்டு மணிக்குப் பேருந்து ஏறும் மாணவன் ஒருவனை எண்ணிக்கொள்ளுங்கள். அவன் பையில் டிபன் பாக்ஸ். ஆவி பறக்கும் சாம்பார் சோற்றைப் போட்டு, மூடியை இறுக்கிக் கொடுத்திருக்கிறார் அம்மா. ஒரு மணிக்குத் திறந்தால் ஒரு வாடை! பாதியைக் காக்கைக்குப் போட்டுவிட்டு அரை வயிற்றோடு வகுப்புக்குப் போகிறான். நன்றாக வெந்த சோறு ஐந்து மணி நேரத்தில் ஏன் கெட்டது?

மண்ணில் வாழும் 'பாசில்லஸ் சீரியஸ்' என்ற பாக்டீரியா அரிசியோடு நம் வீட்டுக்கு வருகிறது. உலைக் கொதியில் பாக்டீரியாக்கள் மடிந்தாலும், இதன் வித்துகள் கெட்டியான உறைக்குள் ஒடுங்கிப் பிழைத்துக்கொள்ளும். சோறு வெதுவெதுப்பானதும் முளைக்கும். 20 நிமிடத்துக்கு ஒரு முறை ஒன்று இரண்டாகிறது என்று கொள்வோம். நான்கு மணி நேரத்தில் ஒன்று 4,096 ஆகிவிடும். கணக்குப் போட்டுப் பாருங்கள்! இவற்றுள் சில வகைகள் சோற்றில் ஒரு நச்சையும் சேர்க்கின்றன. அது வாந்தியை உண்டாக்கும். மறுபடி சூடாக்கினாலும் அந்த நச்சு அழியாது. வாடை வராத சோற்றிலும் அது இருக்கக்கூடும்.

சூட்டோடு மூடினால் நீராவி மூடியில் பட்டு நீராகிச் சோற்றிலேயே சொட்டும். நடுவில் உள்ள சோறு மணிக்கணக்கில் வெதுவெதுப்பாகவே இருக்கும். போதாக்குறைக்கு, ஆனி மாதத்திலும் நிழலிலேயே 35 டிகிரியைத் தாண்டுகிற ஊர் இது. ஆகவே சோற்றைத் தாம்பாளத்தில் பரப்பி, விசிறியடியில் சீக்கிரம் ஆறவைத்து, பிறகு மூட வேண்டும்.

சித்தன்னவாசல் குன்றுக்குக் கட்டுச்சோறு கட்டிப் போகிறவர்கள் புளிச்சோற்றை விரும்புவது ருசிக்காக மட்டும் அன்று. புளியில் டார்டாரிக் அமிலம் இருக்கிறது. அமிலம் மிகுந்த இடத்தில் இந்தப் பாக்டீரியாவால் பெருக முடியாது. எலுமிச்சைச் சோறும் அப்படியே. புளிப்பில்லாத, ஈரம் மிகுந்த தேங்காய்ச் சட்னிதான் முதலில் கெடும்.

தயிர்ச்சோற்றின் தந்திரம் இன்னும் அழகானது. காலையிலேயே தயிரை நிறைய ஊற்றிப் பிசைந்தால் மத்தியானம் வாயில் வைக்க முடியாமல் புளித்துவிடும். ஆறிய சோற்றில் காய்ச்சி ஆறிய பாலை ஊற்றி, ஒரு கரண்டி தயிர் மட்டும் கலந்து பாருங்கள். தயிரிலுள்ள நல்ல பாக்டீரியாக்கள் முந்திக்கொண்டு பெருகி லாக்டிக் அமிலத்தை உண்டாக்கும். மற்றவை தலையெடுப்பது கடினம். சாப்பாட்டு மணி அடிக்கும்போது புளிப்பு அளவாக இருக்கும். சுடுசோற்றில் தயிரைக் கலந்தால் அந்த நல்ல பாக்டீரியாக்களே செத்துப்போகும்!

பொரியலைத் தனிக் கிண்ணத்தில் வையுங்கள். சோற்றோடு கலந்தால் நீர் விட்டு நசநசவென்றாகிவிடும். புளிச்சோற்றுக்கு அலுமினியப் பாத்திரம் வேண்டாம். அமிலம் அதை அரிக்கும். எவர்சில்வர் நல்லது. வாழையிலை கிடைத்தால் அனலில் வாட்டிக் கட்டுங்கள். இலை கிழியாது, சோறும் மணக்கும்.