நம் வரப்பில் நடக்கும் கருவி வேண்டுமென்றால்

காலில் மாட்டிக்கொண்டு நடக்க உதவும் மோட்டார் கருவிகளில் ஒன்று ‘ரீவாக்’. வீட்டிலும் பயன்படுத்திக்கொள்ள 2014இல் அமெரிக்க அரசு அனுமதி கொடுத்தது. தண்டுவடம் அடிபட்டு இடுப்புக்குக் கீழே செயலிழந்தவர் இதைக் கட்டிக்கொண்டு, இரண்டு கையிலும் ஊன்றுகோல் பிடித்து எழுந்து நடக்கலாம். ஆனால் அணிபவர் குறைந்தது 160 செ.மீ. உயரம் இருக்க வேண்டும். இந்தியப் பெண்களின் சராசரி உயரமோ சுமார் 152 செ.மீ. எங்கள் விழுப்புரம் மாவட்டத்து விக்கிரவாண்டியில் ஒரு பெண்ணுக்கு அந்தக் கருவியை யாராவது இலவசமாகவே கொண்டுவந்து கொடுத்தாலும் பெரும்பாலும் அது அவருக்குப் பொருந்தாது. எந்த உடம்பை அளந்தார்களோ அந்த உடம்புக்குத்தான் கருவி வரும். அதனால், நடைக்கருவி ஆய்வுகளுக்கு விழுப்புரம், திண்டிவனம் மக்கள் தன்னார்வலர்களாக முன்வர வேண்டும் என்கிறேன். ஆய்வுகளும் அவர்களைத் தேடி இங்கே வர வேண்டும்.

இதற்கு நம் நாட்டிலேயே பழைய சான்று உண்டு. வெளிநாட்டு மாதிரியில் செய்த செயற்கைக் கால்களை ஜெய்ப்பூரில் வாங்கிப்போனவர்கள், அவற்றை மூலையில் போட்டுவிட்டு மறுபடி ஊன்றுகோலுக்கே திரும்பினார்கள். அந்தப் பாதத்துக்கு ஷூ வேண்டும். குந்த முடியாது, சம்மணம் போட முடியாது, சேற்றில் இறங்க முடியாது. அவர்களின் குறைகளைக் காதுகொடுத்துக் கேட்டதால்தான் டாக்டர் பி.கே. சேத்தியும் கைவினைஞர் ராம் சந்திர சர்மாவும் 1960களின் இறுதியில் ‘ஜெய்ப்பூர் கால்’ செய்ய முடிந்தது. சென்னை ஐ.ஐ.டி.யின் டி.டி.கே. மறுவாழ்வு ஆய்வு மையம், பேராசிரியர் சுஜாதா ஸ்ரீநிவாசன் தலைமையில் உருவாக்கி 2022இல் வெளியிட்ட ‘கதம்’ செயற்கை முழங்கால் 160 பாகை வரை மடங்குகிறது. பஸ்ஸிலும் ஆட்டோவிலும் ஏறி உட்கார வேண்டியவரை மனதில் வைத்துச் செய்த கருவி அது.

மோட்டார் கருவிக்கு இந்த அளவெடுப்பு இன்னும் அவசியம். ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 2022இல் வெளியிட்ட ஆய்வில், கணுக்கால் கருவி அணிந்தவர்கள் சாதாரண ஷூவில் நடப்பதைவிட 9 சதவீதம் வேகமாக நடந்தார்கள். அதே தூரத்துக்கு 17 சதவீதம் குறைவாகவே சக்தி செலவானது. குதிகால் எழும்பும் நொடியில் எவ்வளவு தள்ளிவிட வேண்டும் என்பதை அவரவர் நடைக்கு ஏற்பக் கருவியே கற்றுக்கொண்டதுதான் காரணம். அப்படிக் கற்றுக்கொடுக்கும் வேலைதான் தன்னார்வலருடையது. இடுப்பிலும் முட்டியிலும் பட்டாணி அளவுள்ள பளபளக்கும் உருண்டைகளை ஒட்டுவார்கள். கேமராக்கள் அவற்றைப் பின்தொடரும். தரையில் பதித்த தட்டு ஒவ்வொரு அடியின் அழுத்தத்தையும் பதிவு செய்யும். சில ஆய்வுகளில் மூச்சை அளக்க முகமூடியும் உண்டு. ஆறு நிமிடத்தில் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று பார்ப்பார்கள். மழமழவென்ற தரையில் இளைஞர்கள் நடந்த நடையை மட்டும் கற்ற கருவிக்கு, மரக்காணம் உப்பளத்தின் வழுக்கலோ, நெல் வயலின் ஒற்றையடி வரப்போ, பக்கவாதம் வந்து ஒரு காலை இழுத்து நடக்கும் அறுபது வயதுக்காரரின் நடையோ எப்படித் தெரியும்? சென்னை–திருச்சி நெடுஞ்சாலை ஊடறுத்துப் போகும் மாவட்டம் இது. இங்கே விபத்தில் அடிபட்டு நடை இழப்பது யாருக்கும் புதிய செய்தி அல்ல.

‘எங்களைச் சோதனை எலி ஆக்குகிறீர்களா?’ என்ற கேள்வி எழும். எழ வேண்டிய கேள்விதான். 2010இல் அன்றைய ஆந்திராவின் கம்மம் மாவட்டத்தில் பழங்குடிச் சிறுமிகளுக்கு எச்.பி.வி. தடுப்பூசி போட்ட திட்டம் நிறுத்தப்பட்டபோது, பல ஒப்புதல் படிவங்களில் பெற்றோருக்குப் பதில் விடுதிக் காப்பாளர்கள் கையெழுத்திட்டிருந்தது தெரியவந்தது. அந்தச் சந்தேகத்துக்குப் பதில், ஒதுங்கி நிற்பதைவிட உரிமையைத் தெரிந்துகொண்டு கேட்பதுதான். மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் 2016இன் 6ஆவது பிரிவு, அவரவருக்குப் புரியும் முறையில் விளக்கி, மனமுவந்து தந்த ஒப்புதல் இல்லாமல் எந்த மாற்றுத்திறனாளியையும் ஆய்வுக்கு உட்படுத்தக் கூடாது என்கிறது. தனிக் குழுவின் முன் அனுமதியும் வேண்டும். அதன் உறுப்பினர்களில் பாதிக்குக் குறையாதவர்கள் மாற்றுத்திறனாளிகளாகவோ அவர்களுடைய பதிவு பெற்ற அமைப்புகளைச் சேர்ந்தவர்களாகவோ இருக்க வேண்டும். இவ்வளவு பலமான பாதுகாப்பு இருப்பது பலருக்குத் தெரியவே தெரியாது என்பதுதான் வருத்தம். ஆபத்தே இல்லை என்று சொல்ல மாட்டேன். கீழே விழலாம், பட்டை உராய்ந்து புண் வரலாம். நீண்ட நாள் நடக்காத காலில் எலும்பு வலுவிழந்திருந்தால் முறிவும் வரலாம்.

‘லட்சக்கணக்கில் விலை உள்ள கருவி எதற்கு? முதலில் பிசியோதெரபியும் சாய்தளமும் கொடுங்கள்’ என்பது இன்னும் வலுவான மறுப்பு. அவை முதலில் வேண்டும் என்பதில் எனக்கும் மாற்றுக் கருத்தில்லை. ஆனால் விலை குறைவதும் உள்ளூர் ஆய்வால்தான். வெளியூர் உடம்புக்கு வெளியூரில் செய்த கருவி வெளியூர் விலையில்தான் வரும்.

கூலி வேலைக்குப் போகிறவர் விழுப்புரத்திலிருந்து சுமார் 160 கிலோமீட்டர் போய்ச் சென்னையில் நடந்து காட்ட வேண்டும் என்பது நியாயமில்லை. முண்டியம்பாக்கம் அரசு மருத்துவக் கல்லூரியிலேயே நடையை அளக்கும் கூடம் ஒன்று வேண்டும். பயணச் செலவையும், துணைக்கு வருபவரின் அன்றைய கூலியையும் ஆய்வுக்குழுவே ஏற்க வேண்டும். ஆய்வுக்குக் கூப்பிட்டால் சில கேள்விகளைக் கேட்டே ஆக வேண்டும். நெறிமுறைக் குழுவின் அனுமதி இருக்கிறதா? இந்திய மருத்துவ ஆய்வுப் பதிவேட்டில் எண் உண்டா? அடிபட்டால் சிகிச்சைச் செலவு யாருடையது? ஆய்வு முடிந்ததும் கருவி யாரிடம் இருக்கும்? பதில்களைத் தமிழில் எழுத்தாக வாங்கிக்கொள்ளலாம். படிவத்தை வீட்டுக்கு எடுத்துப்போய், தெரிந்தவரைப் படித்துக் காட்டச் சொல்லி, பிறகு கையெழுத்துப் போடலாம். பாதியில் விலகினாலும் வழக்கமான சிகிச்சையை யாரும் நிறுத்த முடியாது.